கூட வேண்டிய கண்ணி

உங்களுக்கு எதற்கடி பிள்ளைகளா இந்தக் கதை? மதுரை வெயிலில் உல்லன் சால்வை பின்னினவளைப் பற்றித் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதா? சரி, பின்னல் ஊசியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். நான் பட்டதை நீங்களும் படவேண்டாம். கேளுங்கள்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு கடைக்கு முப்பது வருஷம் கைப்பின்னல் வேலை செய்தேன். கொடைக்கானல் போகிறவர்களுக்குக் குல்லா, மப்ளர், குழந்தை ஸ்வெட்டர். அந்த முதலாளியம்மாவிடம் ஒரே சட்டம். வரிசை முடிந்ததும் ஊசியில் நிற்கிற நூல் வளையங்களை, அதாவது கண்ணியை, எண்ண வேண்டும். ஒன்று கூடியிருந்தால், "கண்ணு எங்கடி இருந்துச்சு? பிரி" என்பார். கனவில்கூட எண்ணிக்கொண்டுதான் திரிந்தேன்.

வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போதுதான் பரிமளம் டீச்சர் வந்தார். திருநகரில் எங்களுக்கு அடுத்த தெரு, ரிட்டயரான கணக்கு டீச்சர். மகள் குளிர் தேசத்தில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரு பிறைநிலாச் சால்வை, நடுவில் கேபிள், சுற்றிலும் லேஸ். கத்தரிப்பூ நிற உல்லனையும் அவளே அங்கிருந்து அனுப்பியிருந்தாள். அந்த நூல் இங்கே கிடைக்காது.

"அக்கா, இருபத்தஞ்சு நாள்ல நான் பிளைட் ஏறணும். முடியுமா?"

"டீச்சர், அந்த நிலாவையே கேட்டாலும் எறக்கிக் குடுப்பேன். இது பாதி நிலாதானே!"

நூலோடு பின்னுகிற முறை எழுதின தாளும் வந்திருந்தது. அந்தப் பேட்டர்ன் முழுக்க இங்கிலீஷ். நான் படித்த இரண்டாம் கிளாசில் இங்கிலீஷ் கிடையாது. டீச்சர் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் மனதில் ஏற்றிக்கொண்டேன். நாற்பது கண்ணியில் தொடக்கம். இரண்டு கண்ணியைத் தனி ஊசியில் நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டை முதலில் பின்னினால் சடைபோல் முறுக்கிக்கொள்ளும். அது கேபிள். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓட்டை விழும், ஒரு கண்ணி கூடும். பக்கத்தில் இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். அது லேஸ். கடைசியாக டீச்சர் சொன்னார்: "ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கண்ணி கூடணும்."

தலையை ஆட்டினேன். மனதுக்குள், 'இந்தம்மா ஊசியைப் பிடிச்சதே இல்ல, தப்பா வாசிக்குது' என்று நினைத்துக்கொண்டேன். வரிசைக்கு வரிசை கண்ணி கூடுவதாவது! ஓரத்தில் கூடியதை அங்கேயே சேர்த்துச் சேர்த்துச் சரிசெய்தேன். எப்போது எண்ணினாலும் நாற்பது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் டீச்சர் பார்க்க வந்தார். விரித்துக் காட்டினேன். கேபிள் அழகு, லேஸ் அழகு. அவர் முகம் மட்டும் அழகாக இல்லை.

"அக்கா, இது மப்ளர்தானே?"

"இல்ல டீச்சர், போகப் போக வளையும்."

"எங்க வளையும்? ஸ்கேல் மாதிரி நிக்குது."

அவர் கண் கலங்கிவிட்டது. "அவ என்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான்க்கா" என்றார். அதற்கப்புறம் என்னால் விளையாட முடியவில்லை.

"நீங்க சொன்னத நான் நம்பல டீச்சர். உங்களுக்குப் பின்னல் தெரியாதுன்னு நானே திருத்திட்டேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முட்டி போடச் சொல்லணும். ஆனா உங்களுக்கு முட்டி வலி. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு, பிரிங்க."

அவர் கண் முன்னாலேயே பிரித்தேன். பதின்மூன்று நாள் வேலை அரை மணி நேரத்தில் காலி. பிரித்த நூல் அப்படியே பின்ன உதவாது, சுருண்டிருக்கும். பெரிய வளையமாகச் சுற்றி, நனைத்துக் கொடியில் போட்டேன். எதிர்வீட்டு வசந்தா எட்டிப் பார்த்தாள். "என்ன பெரியம்மா, கொடியில இடியாப்பம் காயுது?"

"ஆமாடி, கத்தரிக்கா இடியாப்பம். தட்டு எடுத்துட்டு வா."

மறுநாளிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சர் ஆஜர். நான் பின்னுவேன், அவர் பேட்டர்னை வைத்துக்கொண்டு எண்ணுவார். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்திநாலு. முதல் இரண்டு நாள், கூடின கண்ணியைச் சேர்க்கக் கை தானாகப் போனது. "கைய எடுங்க!" என்று ஒரு அதட்டல். மூன்றாம் நாள் ஓரம் மெல்ல வளைய ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் பிளைட் ஏறுகிற அன்று காலையில் கடைசிக் கண்ணியை முடித்தேன். ஊசியிலிருந்து இறக்கினபோது கசங்கின துணிபோல இருந்தது. டீச்சருக்கு மறுபடி முகம் வாடிப்போயிற்று. "இப்பப் பாருங்க" என்று நனைத்து, துண்டில் ஒற்றி, மொட்டை மாடியில் பழைய மெத்தைமேல் இழுத்து, வளைவு முழுக்கக் குண்டூசி குத்தினேன். லேஸ் ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. குளிர் தேசத்தில் இது காய ஒரு நாளாவது ஆகுமாம். நம் வெயிலுக்குச் சமையல் முடிவதற்குள் காய்ந்துவிட்டது. குண்டூசிகளை எடுத்தபோது பிறை அப்படியே நின்றது. டீச்சர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலிலும் கழற்ற மாட்டேன் என்று நின்றார்.

ஆகவே பிள்ளைகளா, கண்ணி எங்கே குறைய வேண்டும், எங்கே கூட வேண்டும் என்று பேட்டர்னைக் கேளுங்கள். உங்கள் முப்பது வருஷத்தைக் கேட்காதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் சொன்னால், பத்து வரிசையாவது நம்பிப் பின்னிப் பாருங்கள்.

டீச்சர் போன மறுநாள் வசந்தா தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "டீச்சர் எதுக்குப் பெரியம்மா தெனமும் நாலு மணிக்கு வந்துட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். டீச்சர் திரும்பி வர ஆறு மாசம் ஆகும்.

"பாவம்டி, பேருதான் கணக்கு டீச்சர். நாப்பதுக்கு மேல எண்ண வரல. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.