கேட் பாஸ் இல்லாத பந்து

போன வாரம் பொன்னேரியில், டீக்கடை பெஞ்சில் நானும் ஜமாலும் உட்கார்ந்திருந்தோம். ரயில்வே கேட் மூடும் சங்கு ஊதியது. ஜமால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அவன் முழங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"எங்கடா?"

"கார்டு அடிக்க..." என்றவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

மில்லை மூடி வருஷம் பலவாகிறது. காலுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி மில். செல்போனில் பாம்பு ஓட்டிய காலம். மில்லின் கால்பந்து டீமில் ஜமால் கோல்கீப்பர். அவனுக்கு முன்னால் டிஃபெண்டர் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோல் பக்கம் பந்து வந்தால் தூர அடி. ஆறு வருஷத்தில் நடுக்கோட்டைத் தாண்டியதில்லை. டீமில் இருந்தால் உலைப் பக்கம் போக வேண்டாம். அதற்குத்தான் ஆடினோம். உலையில் நிற்பவன் சட்டையை நீங்கள் பார்த்ததில்லை. தீப்பொறி பட்டுச் சல்லடை.

ஒருநாள் ஜி.எம். சொல்லிவிட்டார். "பக்கத்து கம்பெனிய ஜெயிச்சா டீம் இருக்கும். இல்லாங்காட்டி எல்லாரும் உலைக்கு."

வேலை நாளில் மேட்ச். கடைசிப் பத்து நிமிஷம் வரை கோலே இல்லை. நாலு மணிச் சங்கு ஊதியது. அப்போது கார்டு அடிக்காவிட்டால் அரை நாள் ஆப்சென்ட். இரண்டு டீமும் அவரவர் கேட்டைப் பார்த்து ஓடின. ரெஃப்ரிதான் முதலில் ஓடினார். அவர் டைம் ஆபீஸ் கிளார்க், கார்டு ரூம் சாவி அவரிடம். விசில் ஊத மறந்துவிட்டார். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

நான் மட்டும் நின்றேன். விசுவாசத்தால் அல்ல. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலடியில் பந்து.

பந்தலில் தனியாக இருந்த ஜி.எம். கத்தினார். "யோவ், இன்னாயா பாத்துக்கினு நிக்கிற? காலி கோலுயா! போய் அடி!"

பந்தைத் தட்டித் தட்டி நொண்டிக்கொண்டே போனேன். நடுக்கோட்டைத் தாண்டினேன். எதிரே கோல்போஸ்ட். அதன் பக்கத்தில் பந்து. ஆறு வருஷப் பழக்கம், கால் தானாக வீசிவிட்டது. பந்து பக்கத்து கம்பெனி மதிலைத் தாண்டி உள்ளே விழுந்தது.

இருந்தது ஒரே பந்து. எடுக்கப் போனேன். அந்த கம்பெனி வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"கேட் பாஸ் கீதா நைனா? பாஸ் இல்லாம எந்தப் பொருளும் வெளிய போவாது."

"இப்பத்தாண்ணே உள்ள வந்துச்சு."

"வந்ததுக்கு என்ட்ரி இல்லியே."

மேட்ச் அதோடு சரி. சங்குக்கு ஓடிய பத்துப் பேரும் உலைக்குப் போனார்கள். ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "நீ ஒருத்தன்தான் கிரவுண்ட்ல நின்ன. ஆனா இனிமே பந்தத் தொடாத. நீ மேனேஜர்."

ஆளே இல்லாத டீமுக்கு மூன்று மாதம் மேனேஜராக இருந்தேன். பிறகு குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைச் சேர்த்துக் கோச் ஆனேன். முதல் பாடம், சங்கு ஊதினால் ஓடக் கூடாது. கோல் அடிக்க ஜமால்தான் சொல்லிக்கொடுத்தான். எனக்குத் தெரியாதே. உலை ஷிப்டு முடிந்து நேராக வருவான். ஒரே ஒரு நாள் கேட்டான்.

"அன்னிக்கு ஒரு வாட்டி கோலுக்குள்ள அடிச்சிருந்தா இன்னாடா கொறஞ்சி பூட்டிருப்ப?"

நான் பிள்ளைகளை ஓடச் சொல்லி விசில் ஊதினேன்.

இப்போது கிரவுண்டில் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. மில் இல்லை. சங்கு இல்லை. பக்கத்து கம்பெனியும் இல்லை, மதிலும் இல்லை. இன்று போனால் பந்தை எடுத்து வந்துவிடலாம். பாஸ் கேட்க ஆளில்லை.