கரி ஏற்றிய லாரிக்குக் கரி இல்லை

காஞ்சிபுரம் பஸ்ஸின் கண்டக்டர் பூந்தமல்லியில் எங்கள் புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே செய்தியைச் சொன்னார்.

"ரைட்டரே, ஒங்க லாரி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோட்டோரமா நின்னுகினு கீது. டிரைவர் கன்னியப்பன் சொல்லச் சொன்னான். கரி தீந்துபோச்சாம்."

"லோடு என்ன?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டுப் பதிவு செய்துகொள்வது முறை.

"கரிதான்" என்றார் கண்டக்டர். பஸ் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குமாஸ்தா வேலைக்கு எழுதப்பட்ட கடமைகளில் அது இல்லை.

இப்போது லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். அது யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் கிடைத்தாலும் பெட்ரோல் கிடைக்கும் என்று பொருள் இல்லை. ஆகவே லாரிகள் கரியில் ஓடின. டிரைவர் உட்காரும் அறைக்குப் பின்னால் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்று நிற்கும். அதை கேஸ் பிளாண்ட் என்போம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு மூட்டி, கைவிசிறியைச் சுற்றினால் வாயு கிளம்பும். அது குழாய் வழியே எஞ்சினுக்குப் போகும். வண்டி நகரும். மேடு வந்தால் நகருமா என்பது மேட்டைப் பொறுத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. நிற்கும்போதும் கரி தின்னும். நெருப்பை அணையவிட்டால் மறுபடி மூட்டிக் கிளப்புவது பெரிய பாடு என்பதால், வழியில் நின்றால் டிரைவர் நெருப்பைக் காப்பாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். அன்று வாலாஜா பக்கத்தில் ஆவடி முகாமுக்குப் போகும் பட்டாளத்து வண்டிகள் வரிசையாக வந்தன. அவை கடக்கும்வரை மற்ற வண்டிகள் ஓரம் கட்ட வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. கன்னியப்பன் ஓரம் கட்டினார். வரிசை முடியவில்லை. கரி முடிந்துகொண்டிருந்தது.

எங்கள் முதலாளிக்குக் கோவில்பதாகைப் பக்கம் நிலம் இருந்தது. அது பட்டாளத்துக்குப் போனதும் வந்த தொகையில் மூன்று லாரி வாங்கி, வேலூருக்கும் சென்னைக்கும் சரக்கு ஏற்றினார். ஒரு டிரிப்புக்கு எத்தனை மூட்டை எரிகரி என்பதை அவரே கணக்கிட்டு அளந்து கொடுப்பார். அந்தக் கணக்கில் தூரம் உண்டு. நிற்பது கிடையாது. லாரி என்றால் ஓடுவது, ஓடாமல் இருக்கும்போது அது எதற்குத் தின்ன வேண்டும் என்பது அவர் கட்சி. மாட்டை வைத்து விவசாயம் செய்தவர் இப்படிக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்கவில்லை.

ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ். முதலாளி சொல்ல, நான் எழுதியது. இலக்கணம் மட்டும் என்னுடையது: 'ஏற்றிய சரக்கில் எவர், எந்தக் காரணத்தை முன்னிட்டும், என் நேரடி அனுமதி இன்றிக் கைவைத்தாலும் உடனே வேலையிலிருந்து நீக்கப்படுவார்.' அதை ஒட்டிய வாரமே வேலு என்ற டிரைவர் நீங்கினார். கரி லோடில் ஒரு மூட்டையைப் பிரித்து பிளாண்டில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வேலூரில் லோடு ஏற்றும் மேஸ்திரி பிரிக்கச் சொன்னதாகச் சொன்னார். மேஸ்திரி, தான் அப்படி எதையும் சொல்லவில்லை என்றார். வேலு அடுத்த மாதம் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து பெட்ரோல் லாரி ஓட்டினார். கன்னியப்பனுக்கு அந்த வழி இல்லை. ஒரு கண்ணில் பார்வை குறைவு. இந்த வேலை போனால் அவரை வேறு யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

இதனால்தான் லாரி நிறையக் கரியை வைத்துக்கொண்டு கரி இல்லாமல் நின்றார்.

சரக்கு சென்னையில் ஒரு பஸ் கம்பெனிக்கு. அவர்கள் பஸ்களும் கரியில்தான் ஓடின. அன்றிரவுக்குள் இறக்காவிட்டால் காண்ட்ராக்ட் ரத்து என்று எழுதி வாங்கியிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் இருந்த எரிகரியைக் காலையில்தான் மற்ற இரண்டு லாரிகளுக்கும் போட்டு அனுப்பியிருந்தோம். கடைத்தெருவில் கிடைத்தது தூள் கரி. அதைப் போட்டால் பிளாண்ட் அடைத்துக்கொள்ளும்.

முதலாளியின் கார் பெட்ரோல் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. ஆகவே அவரும் நானும் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் முதலாளி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"இன்னியோட அவன் சீட்ட கிழிச்சிடுறேன்யா."

எந்த விதியின் கீழ் என்று கேட்டேன். "அதான் ஒன்ன கூட்டிகினு போறேன்" என்றார்.

லாரி புளியமரத்தடியில் நின்றது. கன்னியப்பன் பிளாண்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். பக்கத்தில் வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் மாட்டை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா கன்னியப்பா, வண்டி நெறைய கரிய வெச்சிகினு கரி இல்லேன்னு நிக்கிறே? எவனாவது நம்புவானா?"

"நம்ப மாட்டான் மொதலாளி. அதான் ஒங்களையே வந்து பாக்கச் சொன்னேன்."

"ஒரு மூட்டைய பிரிச்சிக் கொட்டிகினு வர்றதுதானே?"

"பிரிச்சா சீட்டு கிழிஞ்சிடும்."

"பிரிக்கலேன்னாலும் கிழியும்டா! ராத்திரிக்குள்ள லோடு எறங்கலேன்னா காண்ட்ராக்ட் பூடும். காண்ட்ராக்ட் பூட்டா நீ எனக்கு இன்னாத்துக்கு?"

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுல எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. ஊட்ல கேப்பாங்க."

வைக்கோல் வண்டிக்காரர் இந்த இடத்தில் பேச்சில் கலந்துகொண்டார். "ஏன் நைனா, எம்மாடு வண்டி இழுக்கசொல்லோ பசிச்சா வைக்கோல்ல ஒரு வாயி வெக்கும். இவ்ளோ பெரிய வண்டிக்கு அதுகூடவா தெரியாது?"

முதலாளி அவரைப் பார்த்தார். மாட்டையும் பார்த்தார். அது வைக்கோல்தான் தின்றுகொண்டிருந்தது.

"சரி, பிரி" என்றார்.

கன்னியப்பன் எழுந்திருக்கவில்லை. "நான் பிரிக்க மாட்டேன் மொதலாளி. வேலு அண்ணனுக்கும் இப்டிதான் பிரின்னாங்க. அப்பால இல்லேன்னாங்க. நீங்களே பிரிச்சிடுங்க."

"நானா? யோவ் ரைட்டர், நீ சொல்லுய்யா இவனுக்கு!"

நான் விதியைச் சொன்னேன். சரக்கில் கைவைக்க முதலாளியின் நேரடி அனுமதி போதும். யார் பிரிக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் ரோட்டில் வாயால் கொடுத்த அனுமதி ஆபீஸுக்கு வந்து சேரும்வரை நீடிக்குமா என்பது பற்றி நோட்டீஸ் எதுவும் சொல்லவில்லை. முதலாளியே பிரித்தால் இந்தச் சந்தேகம் எழாது. தம்மைத் தாமே நீக்கிக்கொள்ள அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நீ எந்தப் பக்கம்யா?" என்றார் முதலாளி.

அவருக்கும் வேறு வழி இல்லை. அந்த பிளாண்டை மூட்டிக் கிளப்பத் தெரிந்தவர் கன்னியப்பன் ஒருவர்தான். மாலை வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினார். தைத்திருந்த சணலைக் கத்தியால் அறுத்தார். மூட்டை சரிந்து பாதிக் கரி அவர் மேல் கொட்டியது. வெள்ளை ஜிப்பா. வண்டிக்காரர் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்.

கன்னியப்பன் கரியைப் பொறுக்கிப் பொறுக்கி பிளாண்டில் போட்டார். பெரிய கட்டியை உடைத்தார், தூளை ஒதுக்கினார். நெருப்பு மூட்டினார். அன்று கிளீனர் வரவில்லை. விசிறியை நான் சுற்றினேன். இண்டர்மீடியட் தேறியவன் சுற்றினாலும் அது அதே வேகத்தில்தான் சுற்றியது. புகை நிறம் மாறும்வரை கன்னியப்பன் "இன்னும், இன்னும்" என்றார். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

செம்பரம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு பாலம். அதன் ஏற்றத்தில் லாரி பாதி ஏறி, மூச்சு வாங்கி நின்றது.

"எறங்கணும்" என்றார் கன்னியப்பன்.

"யாரு?"

"ஓட்டாதவங்க எல்லாரும். கிளீனர் இல்லியே. மொதலாளி, அந்தக் கட்டைய எடுத்துகினு பின்சக்கரத்தோடயே வாங்க. வண்டி ஒரு அடி ஏறினா கட்டைய பின்னால வெக்கணும். நான் சொல்றமுட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தா லோடு ஒங்க மேல வந்துடும்."

வேலூர் ரோட்டில் கரி லாரிகள் மேடேறிய முறை இதுதான். ஓர் அடி ஏறும், கட்டை. வாயு சேரும்வரை காத்திருக்கும். இன்னோர் அடி, கட்டை. கிளீனர்கள் தினமும் செய்தது. முதலாளி முதல் தடவையாகச் செய்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். என் தள்ளலால் லாரிக்கு என்ன பயன் என்று தெரியாது.

நடுவில் ஒருமுறை முதலாளி கத்தினார். "எத்தினி நேரம்டா இப்டியே நிக்கும்?"

"வாயு சேர்ற வரைக்கும்."

"நிக்கசொல்லோ கரி எரியுதாடா?"

"எரியாம? நிக்கசொல்லோதான் மொதலாளி ஜாஸ்தி."

முதலாளி கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளாண்டைப் பார்த்தார்.

பூந்தமல்லி ஆபீஸ் வாசலில் லாரி நின்றபோது விளக்கு வைக்கவில்லை. முதலாளி முகம், ஜிப்பா, வேட்டி எல்லாம் ஒரே நிறம். ஆபீஸில் மூட்டை தூக்கும் ஆட்களில் ஒருவர் என்னிடம், "யாரு ரைட்டரே, புது கிளீனரா? வயசானவரா கீறாரே" என்றார். நான் மறுக்கவில்லை. சரக்கோடு போகும் வேபில்லில், ஒரு மூட்டை வழியில் எரிபொருளாகச் செலவானது, கம்பெனி பொறுப்பு என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். அன்றிரவு சரக்கு இறங்கியபோது பஸ் கம்பெனியில் அதைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை. பாலத்தில் நிற்கும் பழக்கம் அவர்களுக்கும் இருந்தது.

நான் பல ஆபீஸ்களில் பல விதிகளை எழுதியிருக்கிறேன். இளம் குமாஸ்தாக்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: விதியைச் சொன்னவரை, அது நடக்கும் இடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். வாதாடுவதைவிடச் செலவு குறைவு.

லாரி சென்னைக்குக் கிளம்ப வேண்டும். கன்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். சீட்டு கிழிந்ததா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. முதலாளி கையை வேட்டியில் துடைத்தார். கையும் வெளுக்கவில்லை, வேட்டியும் வெளுக்கவில்லை. பிறகு பிளாண்டை ஒரு சுற்று சுற்றிவந்து, டிரைவர் பக்கம் நின்றார்.

"நாளிக்கு வேலூருக்கு எத்தினி மூட்டை ஓணும்?"

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒரு டிரைவரிடம் அப்படிக் கேட்டு அதுதான் முதல் தடவை. கன்னியப்பன் விரல்விட்டு எண்ணினார், வழியில் நிற்பதையும் சேர்த்து.