பின்னால் நின்று ஆட்டிய கிலுகிலுப்பை

எதிர்வீட்டுக் குழந்தைக்கு எட்டு மாதம். போன வாரம் வில்லியனூர்க் கடைத்தெருவில் அதற்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் போனேன். கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானே? குழந்தையின் முதுகுப்பக்கம் போய் நின்று, காதோரம் ஆட்டினேன். சட்டென்று திரும்பியது. "இன்னாக்கா, முன்னாடி வந்து ஆட்டேன்" என்று சிரித்தாள் அதன் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பழக்கம் கல்லூரியில் வந்தது. பாகூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு நாங்கள் ஆறே பேர். பிள்ளை வளர்க்கக்கூட ஒரு பட்டமா என்று வீட்டில் கேலி. கேலியில் தப்பில்லை. அதுவரை நான் ஒரு குழந்தையை ஒழுங்காக இடுப்பில் வைத்ததே கிடையாது. வைத்தால் அது வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வந்துவிடும்.

ஆளுக்கொரு குழந்தையை மாதாமாதம் போய்ப் பார்த்து ரெகார்டில் எழுத வேண்டும். எழுதுவது என்றா சொன்னேன்? சீனியர் அக்காக்களின் ரெகார்டு, பிரவுன் அட்டையோடு எங்களுக்குச் சீதனம் மாதிரி வந்து சேரும். நல்ல மார்க் வாங்கியதென்றால் அதற்குப் போட்டி வேறு. குழந்தையின் பெயரை மாற்றி, மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. எங்கள் ரெகார்டுகளின்படி பாகூர்க் கொம்யூன் ஊர்களில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் குப்புற விழுந்து, ஒரே மாதத்தில் தவழ்ந்தன.

எனக்கு வாய்த்தவள் ரீட்டா, அபிஷேகப்பாக்கத்தில். அவள் அம்மா லூர்து கொல்லை வேலைக்குப் போகிறவள். நான் போகிற நாளில் மட்டும் வேலைக்குப் போகாமல், குழந்தைக்குப் பவுடர் அப்பி, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக் காத்திருப்பாள். அந்தப் பவுடர் வாசனை வந்தால் இன்றும் எழுந்து தள்ளிப் போய்விடுவேன்.

பத்தாவது மாதம், காது கேட்கிறதா என்று பார்க்கிற கிலுகிலுப்பைச் சோதனை. பின்னால் நின்று ஆட்டினேன். ரீட்டா திரும்பவில்லை. இன்னொரு காதுப்பக்கம் ஆட்டினேன். எதிரே மேய்ந்த கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்குது கண்ணு. எங்கனா காட்டணுமா?" என்று லூர்து மெல்லக் கேட்டாள்.

மறுநாள் பாடம் எடுக்கிற மேடத்திடம் ரெகார்டு வைக்க வேண்டும். திரும்பவில்லை என்று எழுதினால் மேடம் விளக்கம் கேட்பார், மற்ற பக்கங்களையும் புரட்டுவார், காப்பி அடித்தது தெரிந்துவிடும். பழியைக் கோழி மேல் போட்டேன். அது விளையாட்டுக் கவனம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். லூர்துவின் முகம் அப்படித் தெளிந்தது. பஸ்ஸில் வரும்போதே சீனியர் நோட்டைப் பார்த்து, 'சத்தம் வரும் பக்கம் திரும்புகிறது' என்று எழுதினேன். மேடம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

சில வருஷம் கழித்து வில்லியனூர் பஸ்ஸில் லூர்துவைப் பார்த்தேன். பக்கத்தில் ரீட்டா, கையால் அம்மாவுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்களாம். நாலு வயதில்தான் முதன்முதலில் காதைக் காட்டினார்களாம். முன்னாலேயே வந்திருந்தால் பேச்சு வந்திருக்கும் என்றாராம் டாக்டர்.

"நீ நோட்டு வச்சிகினு பாத்துட்டு, நல்லா கீதுன்னு சொன்னியே கண்ணு. அதான் எங்கயும் காட்டல" என்றாள் லூர்து. அதில் கோபமே இல்லை. திட்டியிருக்கலாம். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் இறங்கும்போது, ரீட்டாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பாருங்கள் என் புத்தியை.

அந்தப் பாடம் இப்போது கிடையாது. ஆள் சேராமல் கல்லூரியையே மூடி, எங்கள் வகுப்பில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ரெகார்டுகளையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்களாம். 'திரும்புகிறது' என்று நான் எழுதிய பக்கம் எந்தக் கடையில் கடலைப் பொட்டலமாய்ப் போனதோ. அதையே நான் வாயால் சொன்னதை நம்பித்தான் லூர்து மூன்று வருஷம் நிம்மதியாக இருந்தாள்.