அவர் கூப்பிட்ட குரல்

பிள்ளைகளா, நான் வீடியோ எடுக்கப் போன இடத்தில் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

தங்கச்சிமடத்தில் ஒரு மண்டபம். கோயில், தர்கா, மாதா கோயில் என்று எல்லா மதத்தவரின் தெய்வ அனுபவங்களையும் சேர்த்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதத் திட்டம் போட்டார்கள். மாதிரிக்கு அந்த அம்மாவைப் பேச வைத்தார்கள். கடலுக்குப் போன கணவர் திரும்பாத அன்று சாயங்காலம், வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது கணவர் அந்த அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டதாம். ஒல்லியான அந்த அம்மா இடது காதைக் கையால் பொத்திக்கொண்டேதான் பேசினார். ஏனென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தொகுப்பாசிரியர் எழுந்தார். "அருமைம்மா! காதுல இருந்து கைய எடுத்துட்டு இன்னொரு தடவ சொல்லுங்க. கூப்பிட்ட எடத்துல லேசா அழுதீங்கன்னா நல்லாருக்கும்."

"அவுக ஒரு தடவதான்யா கூப்பிட்டாக. நான் எப்பிடித் திருப்பிச் சொல்ல? எடுத்ததையும் அழிச்சிருங்க."

"அழிக்க முடியாதும்மா. இது எல்லாருக்கும் பொதுவான நூல்."

"எம் புருசனும் பொதுவாய்யா?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, வெளியே போய்விட்டார். தெய்வத்தைப் பற்றி நூல் போட வந்தவர்களுக்கு இதுகூடவா சிரிப்பு?

எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் கேமராவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அந்த அம்மா பேசியதைப் போட்டுப் பார்க்காமலே அழித்தேன்.