பிரான்சில் வாங்கிய வினாகிரி

இது இரண்டாயிரத்து ஐந்திலா ஆறிலா நடந்தது என்று எனக்கும் இவருக்கும் இன்னும் வாக்குவாதம். கோடை விடுமுறை என்பது மட்டும் நிச்சயம். தொடங்கியது பிரான்சில், முடிந்தது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அந்த வருடம் எங்கள் வீடு சரியாக இல்லை. மகள் கூடப் படித்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனை விரும்பினாள். கேள்விப்பட்ட அன்று நான் அழுதேன், மறுநாள் அவனுடைய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இவர் அழவுமில்லை, படம் பார்க்கவுமில்லை. பெடியன் வீட்டுக்கு வந்தால் ஒரு ஹலோ சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுவார். அவன் போன பிறகு “உந்தப் பெடியன்” என்பார், பெயர் சொல்ல மாட்டார்.

மகளும் அப்பாவைப் போலத்தான், பிடித்தால் பிடிதான். “அப்பா மனம் விட்டு ஓம் எண்டு சொல்லாமல் நான் எழுத்து வைக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டாள். பதிவுத் திருமணத்தை நாங்கள் எழுத்து என்போம். அப்பா சொல்லப் போவதில்லை, மகள் விடப் போவதில்லை. நடுவில் நான் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

நாங்கள் விடுமுறை முடிந்து வந்த பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் பெடியனின் தாய் தகப்பனைச் சாப்பிடக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒருநாள் தகப்பன் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். நான் எடுக்க வேண்டியதை இவர் எடுத்துவிட்டார். நல்லாகத்தான் கதைத்தார்கள். நாங்கள் பிரான்சுக்குப் போகிறோம் என்றதும் அந்த மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டதாம். வைன் என்றால் அவருக்கு உயிர் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். “நீங்கள் நிற்கிற இடத்திலேயே செய்கிற வைனாக ஒரு போத்தல் கொண்டுவாருங்கள், பெரிய சாமான் வேண்டாம், அந்த ஊர்ச் சாமானாக இருந்தால் போதும்” என்று கேட்டிருக்கிறார்.

இவர் பியர் கூட வாயில் வைக்காத மனிதர். ஆனாலும் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், செய்துதான் ஆக வேண்டும் என்றார். அவர்களுக்காக இவர் ஒப்புக்கொண்ட முதல் காரியம் அது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். கூடவே பயம். இது பிசகினால் மனிதர் மறுபடி ஓட்டுக்குள் போய்விடுவார்.

எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பாவில் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடுதானே. பாரிஸ், சூரிச் எல்லாம் நான் பார்த்தது சொந்தக்காரரின் குசினி யன்னல் வழியாகத்தான். அந்த முறை போனது பிரான்சின் கிழக்குப் பக்கத்தில், நான்சி நகரத்தில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு. மச்சாள் இவருடைய தங்கை. போன அன்றே அவருடைய குசினியில் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டி, பிரெஞ்சில் இதற்கு என்ன பெயர் என்று இவர் கேட்டார். “வினேகிர்” என்றார் மச்சாள். அட, எங்கள் வினாகிரிதான்! வினிகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிரெஞ்சு ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அரைகுறைத் தெளிவுதான் எங்களைக் கவிழ்த்தது.

மச்சாள் வேலைக்குப் போன ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் தூல் என்ற ஊர்ப்பக்கம் காரில் போனோம். மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். ஒரு வாசலில் போத்தல் படம் வரைந்த பலகை தொங்கியது. உள்ளே போனால் சேறு படிந்த சப்பாத்தோடு ஒரு அம்மா வந்தார். அவருக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. இவர் “வைன், வைன்” என்று சொல்லி, காலடி நிலத்தைச் சுட்டிக் காட்டினார். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது போல முகம் மலர்ந்தது. ஓடிப்போய் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து ஊற்றினார்.

எனக்குத் தெரிந்த வைன் இரண்டு நிறம். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. இது இரண்டுமில்லை. வெங்காயம் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்த மாதிரி இருந்தது. இவர் என்னவென்று கையால் கேட்டார். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து “வேங் கிறி, வேங் கிறி” என்றார்.

இவர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். “இது வினாகிரியப்பா.”

எனக்கும் அப்படித்தான் கேட்டது. வைன் கேட்டு வந்தவர்களுக்கு ஏன் வினாகிரி? அதையும் ஏன் கிளாசில்? அந்த அம்மா தானும் ஒரு மிடறு குடித்துக் காட்டி, எங்களையும் குடிக்கச் சொன்னார். உடம்பு மெலிய வினாகிரி குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வந்தவர்களுக்கு அதை உபசரிக்கிற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், குடித்த மாதிரித் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தோம். எங்கள் தலையாட்டலைப் பார்த்து அந்த அம்மா, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாசல் ஏறிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது மரியாதையில்லை என்று ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு வந்தோம். லேபிள் கூட ஒட்டாத போத்தல். அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

திரும்பி வரும்போது கலே துறைமுகத்துக்குப் பக்கத்தில், லண்டன்காரர் கார் நிறைய அள்ளிப்போகிற ஒரு பெரிய மதுக்கடைக்கு இவர் காரை விட்டார். அரைமணி நேரம் தேடி, தங்க எழுத்தில் பிரெஞ்சுப் பெயரும் ஒரு பெரிய மாளிகைப் படமும் போட்ட போத்தல் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நான் அதை என் சேலைக்குள் சுற்றிக் குழந்தைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வினாகிரி காரின் பின்பக்கம் செருப்புகளோடு உருண்டு கிடந்தது.

சனிக்கிழமை, மறுநாள் விருந்துக்கு அச்சாறு என்கிற காய்கறி ஊறுகாய் போடத் தொடங்கினேன். சின்ன வெங்காயம், கரட், பச்சை மிளகாய், அரைத்த கடுகு எல்லாம் தயார். பிரெஞ்சு வினாகிரியைத் திறப்போம் என்று பார்த்தால் தக்கை அடைத்திருந்தது. வினாகிரிக்கு ஏன் இவ்வளவு இறுக்கமான தக்கை என்று திட்டிக்கொண்டே கரண்டிக் காம்பால் அதை உள்ளே தள்ளிவிட்டேன். கொதிக்கவைத்து ஊற்றிச் சுவைத்தால் புளிப்பையே காணோம். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிரெஞ்சுக்காரருக்கு வினாகிரியும் செய்யத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நாலு தேசிக்காய் பிழிந்துவிட்டுக் காரியத்தை முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல சனம். இவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மாளிகைப் போத்தலை இரண்டு கையாலும் பெடியனின் தகப்பனிடம் கொடுத்தார். நாங்கள் நின்ற இடத்து வைன் என்று சொன்னார். அந்த மனிதர் நன்றி சொல்லி வாங்கி, முன்பக்கம் பார்த்தார், பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டார். பிறகு சிரித்துச் சமாளித்துக்கொண்டு மேசையில் வைத்தார். இவரும் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தார். சின்ன எழுத்தில் தென்னாபிரிக்கா என்று இருந்தது.

இவர் குசினிக்குள் வந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு இவையளோடை சரிவராது. சாப்பிட்ட உடனை நான் மேலை போறன், நீங்கள் கதையுங்கோ.”

என் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. பெடியனையோ அவனுடைய ஆட்களையோ இவர் குறை சொல்லவில்லை. தன்னால் ஏலாது என்கிறார்.

சாப்பாடு நடந்தது. இவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். மகள் அப்பாவைப் பார்த்தபடி சாப்பிடாமலே இருந்தாள். பெடியனின் தகப்பன் மட்டும் அச்சாற்றை மூன்றாம் தரமும் போட்டுக்கொண்டு, இதில் என்ன வினாகிரி சேர்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஏதாவது பேச்சு நடந்தால் போதும் என்று நான் ஓடிப்போய் மிச்சப் போத்தலைக் கொண்டுவந்து, பிரான்சில் வாங்கிய வினாகிரி என்று சொல்லிக் கொடுத்தேன். உள்ளே தக்கை மிதந்துகொண்டிருந்தது.

அவர் மணந்து பார்த்தார். கிளாசில் கொஞ்சம் ஊற்றினார். ஐயோ, தென்னாபிரிக்காவுக்கு ஈடுகட்ட மரியாதைக்கு வினாகிரி குடிக்கப் போகிறாரே என்று எனக்குப் பதறியது. வேண்டாம், வயிறு எரியும் என்றேன். அவர் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு மிடறும் குடித்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். இவர் தலை நிமிராமலே தூல் என்றார்.

“வேங் கிறி” என்றார் அந்த மனிதர், கும்பிடாத குறையாக.

“யெஸ், வினாகிரி” என்றார் இவர்.

“வேங் கிறி!”

“யெஸ், யெஸ். வினாகிரி.”

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள், பிறகு ஏன் ஒருவர் இவ்வளவு சந்தோசமாகவும் மற்றவர் இவ்வளவு துக்கமாகவும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த மகள்தான் பெடியனின் தகப்பனிடம் ஏதோ கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

“அப்பா, அது வினாகிரி இல்லை. வேங் எண்டால் பிரெஞ்சிலை வைன். கிறி எண்டால் சாம்பல் நிறம். அந்த ஊர் வைனே அதுதானாம். அம்மா வைனிலை அச்சாறு போட்டிருக்கிறா.”

இவர் போத்தலைப் பார்த்தார், அச்சாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தே போனேன். சிரிப்பு! மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. கண்ணீர் வழிய, தன் இங்கிலிஷில், சேற்றுச் சப்பாத்து அம்மா நெஞ்சில் கை வைத்ததையும் நாங்கள் குடித்த மாதிரி நடித்ததையும் தானே எழுந்து நின்று நடித்துக் காட்டினார். வந்தவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெடியனுக்கோ புரையேறிவிட்டது.

அவன் இருமுவதைப் பார்த்த இவர், மிச்சம் இருந்ததை என் பக்கம் தள்ளினார்.

“மருமகனுக்குக் கொஞ்சம் வினாகிரி ஊத்தும்.”

நான் ஊற்றவில்லை. போத்தலைப் பிடித்தபடி மகளைப் பார்த்தேன். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெடியனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மருமகன் என்பது அந்த ஊரின் இன்னொரு வைனாக்கும் என்று நினைத்து, அது எப்படி இருக்கும் என்று தகப்பனைக் கேட்டான்.

அன்று சாப்பிட்டு முடித்த பிறகும் இவர் மேலே போகவில்லை. அடுத்த வசந்தத்தில் எழுத்து நடந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வைனுக்குப் பெயர் வினாகிரிதான், பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த மனம் எப்போது மாறியது, சிரித்தபோதா, அதற்கு முன்பே மாறி ஒரு சாட்டுக்குக் காத்திருந்ததா என்று இவரைப் பல தரம் கேட்டுவிட்டேன், தனக்கும் தெரியாதாம். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டதால் எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தான் என்பதால், யாராவது சொல்வது எனக்கு விளங்காமல் போனால் இப்போதெல்லாம் நான் பதறுவதில்லை, கிளாசைக் கீழே வைக்காமல் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.