மாமா செய்த முதல் துப்பாக்கி

வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு என் தாய்மாமா துப்பாக்கி செய்யக் கற்றுக்கொள்ளப் போனார். புதுச்சேரியில் அப்படியொரு வேலை இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் லைசென்ஸ் வாங்கிய பட்டறை ஒன்று இருந்தது. பன்றி விரட்ட அனுமதி வைத்திருந்த விவசாயிகளுக்காக, குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளை அங்கே செய்தார்கள். முப்பது வயதுக்கு மேல் தொழில் பழக வந்தவரைப் பட்டறைக்காரர் நெடுநாள் அரத்தைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. இரும்புத்தூள் படிந்த மாமாவின் சட்டையை அம்மா முணுமுணுத்துக்கொண்டே தனியாகத் துவைப்பாள்.

கடைசியில் ஒரு துப்பாக்கியை முழுதாக அவரையே செய்யச் சொன்னார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு. விடுமுறை நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். குழலைக் குடைந்தது, அதன் பின்பக்கத்தை மரைத் திருகு போட்டு அடைத்தது, தேக்குக் கட்டையைச் செதுக்கித் தோளில் வைத்து வைத்துப் பார்த்தது எல்லாம் என் கண்முன்னேதான். சோதனைக்கும் அடம்பிடித்துக் கூடவே போனேன். ஊருக்கு வெளியே பொட்டலில், பழைய லாரி டயரில் அதைக் கட்டி, இரட்டிப்பு மருந்து போட்டு, தூரத்தில் நின்று கயிற்றால் விசையை இழுத்தார்கள். புகை கலைந்ததும் மாமா ஓடிப்போய்க் குழலைத் தடவித் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை.

“பரவால்ல, இனிமே நீயும் தொழில்காரன்தான்” என்றார் பட்டறைக்காரர். அன்று மாமா எங்களுக்குப் பிரியாணி வாங்கி வந்தார்.

செஞ்சிப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் அந்தத் துப்பாக்கியை வாங்கிப்போனார்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் சாப்பாட்டோடு போனபோது பட்டறையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் செல்போனில் ஒரு படத்தை மாமாவிடம் காட்டினார்.

“இது நீ செஞ்சதா?”

“ஆமா சார். இன்னா ஆச்சி?”

அந்தி இருட்டில் கரும்புக்குள் சலசலப்புக் கேட்டு, பன்றி என்று நினைத்து அந்த விவசாயி சுட்டிருக்கிறார். உள்ளே இருந்தது தண்ணீர் திருப்பப் போன அவருடைய தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மாமா அந்தப் படத்தை மறுபடியும் குனிந்து பார்த்தார். “தானா வெடிச்சிதா சார்? கைதவறி வுழுந்து, எதுனா…”

“அதெல்லாம் இல்லப்பா. துப்பாக்கில ஒரு கொறையும் இல்ல. குறி வச்ச எடத்துல கரெக்டா பட்டிருக்குது. ஒம்மேல கேசு கீசு வராது, பயப்படாத.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். சாப்பாட்டைத் தொடாமல், என்னைக் கூட்டிக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தார்.

பட்டறைக்காரர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் அவர் திரும்பப் போகவில்லை. பிறகு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது போலீஸ் வந்துபோன மறுநாள் காலைதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு குலுங்கியது. அவரை எழுப்பச் சொல்லி அம்மா என்னை அனுப்பியிருந்தாள்.

“துப்பாக்கி நல்லாத்தான் இருக்குதுன்னு போலீஸே சொல்லிட்டாங்கல்ல மாமா? அப்புறம் ஏன் அழுவுற?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “அதுக்குத்தாம்மா” என்றார்.

நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.