கிறிஸ்ரோபர் நிறுக்கும் மை

பிரிண்டரைப் பாவித்து முடிந்ததும் முதல் வேலை, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது. பிறகு வயரைச் சுருட்டிப் பிரிண்டரின் தலையில் வைப்பார். கடைசியாக அதன் பக்கத்தில் காதைக் கொடுத்து, உள்ளே ஏதும் அசைகிறதா என்று கேட்பார். ஒரு நாளில் மூன்று நாலு தரம் இது நடக்கும். "கரண்டை வெட்டினால்தான் உது அடங்கும் அண்ணை. பொத்தானை நம்பேலாது" என்று என்னிடம் சொல்லுவார் கிறிஸ்ரோபர்.

உரும்பிராய்க்காரர். தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதமும் பொதியும் நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நிறுத்துப் பார்க்காத எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. மீன்காரன் ஒரு பக்கச் செவுளைத் திறந்து காட்டினால் இவர் மற்றப் பக்கத்தைத் திறப்பார். தாள்கட்டு வாங்கினால் ஐந்நூறையும் எண்ணுவார். அவருடைய மனைவி தேவமலர் சொல்லுவா: "உந்த மனிசன் என்னையும் தராசிலை ஏத்திப் பாத்துத்தான் கட்டினவர்."

ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத்தாள் அடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. எழுத்தைச் சிறிதாக்குவார். தாளின் இரு பக்கமும் அடிப்பார். மையை மெலிய விடுவார். போன மாதத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் எழுத்துத் தெரிந்தது. சனம் பாதி வரி பாடி, மீதிக்கு முனகியது. அப்படியிருந்தும் மைப்பெட்டி மூன்று கிழமையில் காலி. நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கி, பெட்டியைக் கழற்றிக் காலையும் மாலையும் நிறுத்தார். அடித்த தாளுக்கும் குறைந்த மைக்கும் பொருந்தவே இல்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர்தான். முன் அறையில் வாடகைக்கு இருக்கும் நிரோஜா ரீச்சர். நெடுந்தீவுப் பிள்ளை. பிள்ளைகளுக்குச் சோதனைத்தாள் வேண்டுமென்றால் கேட்டுத்தான் அடிப்பாள். தாளும் அவளுடையது.

ஒருநாள் இரவு கிறிஸ்ரோபர் பெட்டியை நிறுத்துப்போட்டு, பொத்தானில் இடியப்ப மாவைத் தூவி வைத்தார். விடியப் பார்த்தால் மா அப்படியே இருந்தது. பெட்டியை நிறுத்தால் மை குறைந்திருந்தது.

"அப்ப, அடிச்சுப்போட்டுத் திருப்பி மாத் தூவியிருக்கிறாள்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தேவாலயத்திலும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். ஊர்விட்டு ஊர் வந்து தனியே இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிட வேறென்ன கேடு வேண்டும்? கதை அவள் காதுக்கும் போனது.

போன சனிக்கிழமை ஒரு சீப்புக் கதலியோடு நான் அங்கே போனபோது, ரீச்சரின் பை வாசலில் நின்றது.

"கோப்பாயிலை ஒரு அறை பாத்திட்டன் அங்கிள். கள்ளி எண்ட பேரோடை இஞ்சை இருக்கேலாது."

"நான் பேர் சொல்லேல்லை, ரீச்சர். கணக்குத்தான் சொன்னனான். இப்ப அண்ணைக்கு முன்னாலையே காட்டுறன்" என்று சொல்லி, கிறிஸ்ரோபர் பெட்டியைக் கழற்றி நிறுத்தார். திரும்பப் போட்டுப் பிளக்கைச் செருகினார். பிரிண்டர் கர் கர் என்று ஒரு நிமிடம் உள்ளுக்குள் அரைத்தது. தாள் ஒன்றும் வெளியே வரவில்லை.

"உது என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"தொடங்கேக்கை எப்பவும் போடுறதுதான்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பத்து வாழைக்குட்டியோடு தொடங்கி, இன்று நீர்வேலியில் பதினெட்டுப் பரப்பு வாழை என் பெயரில் நிற்கிறது. படித்தவர்களுக்குக் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கும்.

"இப்பவே திருப்பி நிறுத்துப் பாரும்" என்றேன்.

நிறுத்தார். எண் இறங்கியிருந்தது. ஒரு தாளும் அடிக்காமல்.

"தம்பி, என்ரை வோட்டர் பம்ப் தொடங்கேக்கை ஒரு வாளி தண்ணி குடிச்சுத்தான் இழுக்கும். ஓடவிட்டால் ஒரு வாளியோடை சரி. நிப்பாட்டி நிப்பாட்டித் தொடங்கினால் கிணறே அதின்ரை வாய்க்குள்ளைதான். நீர் கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட, உது ஒவ்வொருக்கா எழும்பேக்கையும் மையாலை வாய் கொப்பளிக்குது. நிறுக்கக் கழட்டினாலும் அதே கூத்துத்தான். அதின்ரை பொத்தானாலை அணைச்சுப்போட்டுப் பேசாமல் விடும்."

கிறிஸ்ரோபர் என்னையும் ஒருதரம் சந்தேகமாகப் பார்த்தார். பெட்டியைப் போட்டு, இன்னொரு தரம் பிடுங்கிச் செருகி, கழற்றி நிறுத்தார். எண் இன்னும் இறங்கியது. உள்ளேயிருந்து தேவமலர், "அண்ணை, இனி அந்தத் தராசையும் ஒருக்கா நிறுத்துப் பாக்கச் சொல்லுங்கோ" என்றா.

நிரோஜா சிரிக்கவில்லை. "மை போன இடம் தெரிஞ்சிட்டுது. தேவாலயத்திலை ரெண்டு பேருக்குச் சொன்னியள். அவைக்கு இனி ஆர் சொல்லுறது?"

வெளியே ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

"நாளைக்கு ஆராதனை முடிய நான் எழும்பிச் சொல்லுறன். ரெண்டு பேருக்கில்லை, எல்லாருக்கும்" என்றார் கிறிஸ்ரோபர். மைப்பெட்டியை உள்ளே போட்டார். பிரிண்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போய், அவள் மேசையில் வைத்துப் பிளக்கைச் செருகினார். "திங்கட்கிழமைச் சோதனைத்தாளை அடியுங்கோ, ரீச்சர்."

அவள் வாசலில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ஓட்டோக்காரனைப் போகச் சொல்லிவிட்டு வந்து கைபேசியை எடுத்தாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. கிறிஸ்ரோபர் யன்னலைப் பிடித்துக்கொண்டு, கடைசித் தாள் விழும்வரை தெருப்பக்கமே திரும்பி நின்றார்.